பக்தர்களுக்கு மட்டும்

எங்கள் தெருவில் கோயில் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்டு ஆபீஸ் வரைபடத்தில் இன்றைக்கும் அது 'கோயில் வீதி' என்றுதான் இருக்கிறது. அதை நம்பி யாராவது தேங்காய் பழத்தட்டோடு வந்து இறங்கினால் நான் பொறுப்பில்லை.

அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தால் டிரைவர் "தண்ணி லாரி ஊடு எறங்கு" என்று கத்துவார். அதுதான் எங்கள் தெருமுனை. அந்த வீட்டுக்காரர் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர். எங்கள் அடுக்குமாடி நிற்கும் இடமெல்லாம் அவருடைய அப்பா நெல் விதைத்த நிலம். நிலத்தை விற்றுத் தண்ணீர் லாரி வாங்கினார். அந்த நிலத்தில் குடியேறிய எங்களுக்கே இப்போது தண்ணீர் விற்கிறார். நாங்களோ திண்டுக்கல், தஞ்சாவூர், நாகர்கோவில் என்று திசைக்கொருவராக வந்து சேர்ந்தவர்கள். பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்கும் அதுதான். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடித்துச் சொல்லும் உத்தியோகம். வீட்டிலும் நான் ஓவர்டைம் பார்ப்பதாகச் சொல்வார் என் கணவர்.

எங்கள் கேட்டுக்கு எதிரே, அந்தத் தண்ணி லாரிக்காரர் மதிலோரம், ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் ஓர் இஸ்திரி வண்டி. அதை நடத்துகிறவரை எல்லோரும் இஸ்திரி அக்கா என்போம். காலையில் வந்தால் இருட்டும்வரை கரிப்பெட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். ஆபீஸுக்கு நாங்கள் மடிப்புக் கலையாமல் போவது அவர் புண்ணியம். வாய் மட்டும் பெட்டியை விடச் சூடு. சட்டையில் பட்டன் இல்லாவிட்டால் "இத்த போட்டுகினு எந்த ஆபீஸுக்குப் போவ்றாரு உன் ஊட்டுக்காரரு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மனசு கேட்காமல் ஒரு சொம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வேணாம் மேடம். ஒத்துக்காது."

மோர் ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டா? சரி, தண்ணீராவது குடியுங்கள் என்றேன். அதுவும் ஒத்துக்காதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. என் வீட்டுத் தண்ணீர் இவருக்கு அவ்வளவு இளப்பமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அந்தக் கோடை முழுக்க அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை.

பிறகு சில நாள் வண்டி வரவில்லை. திரும்பி வந்தபோது அக்கா பாதியாக இளைத்திருந்தார். நீர்க்கடுப்பாம். காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்களாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இன்னொரு முறை இப்படி வந்தால் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருக்கிறார்.

"அப்போ குடிங்கக்கா!" என்றேன்.

"குட்ச்சிட்டு எங்க போவ்றது? உன் ஊட்டு ஹால்லயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் எங்கள் வாட்ச்மேனுக்கென்று கேட்டருகே ஒரு கழிப்பறை இருந்தது. அக்கா அதைத்தான் பயன்படுத்திவந்தார். பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கம் நவீனமடைந்தது. வாட்ச்மேனை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தபடி கேமராக்கள் வைத்தோம். கேமராப் பெட்டியை வைக்க இடம் வேண்டுமே? அந்தக் கழிப்பறையில் பீங்கான்மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, பலகைமேல் பெட்டியை வைத்து, கதவைப் பூட்டி, சாவியைச் செயலாளர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு மடக்கு மோர் அவருக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்கு வாருங்கள் என்று மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போனேன். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதினார்: 'வெளியாட்கள் லிஃப்டைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்.' கீழே ஒரு கும்பிடு. எங்கள் செயலாளர் ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. யாரை வேண்டுமானாலும் கும்பிடு போட்டே துரத்திவிடுவார். தவிரவும் வாரத்தில் பாதி நாள் நான் வானகரம் தாண்டி ஆபீஸுக்குப் போய்விடுவேன். பூட்டிய வீட்டுக்கு அக்கா எப்படி வருவார்?

அந்தச் சமயத்தில்தான் வார்டு ஆபீஸிலிருந்து ஒரு செயலி வந்தது. 'உங்கள் தெருவை நீங்களே திட்டமிடுங்கள்.' கைபேசியில் தெருவின் வரைபடம் விரியும். விளக்கு, மரம், வடிகால், பெஞ்சு, கழிப்பறை என்று படங்கள் இருக்கும். வேண்டியதை வேண்டிய இடத்தில் குத்திவைக்கலாம். கண் தெரியாதவருக்கு அது பேசியது. காது கேளாதவருக்கு எழுதிக் காட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படங்களே போதும். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தொழில் புத்தியில் அதை ஒரு சாயங்காலம் முழுக்கக் குடைந்து பார்த்தேன். ஒரு குற்றமும் அகப்படவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் அக்காவிடம் கொண்டுபோனேன். அவரே கட்டைவிரலால் கழிப்பறைப் படத்தை அழுத்தி, மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். செயலி கதவு எண் கேட்டது.

"தூங்குமூஞ்சி மரம்னு போடு மேடம்."

அது ஏற்கவில்லை. இரவில் தங்கும் முகவரியைக் கேட்டது. அக்கா வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வேறு வார்டு. அந்த முகவரியைப் போட்டதும் செயலி இனிய குரலில் பேசியது: 'நன்றி. உங்கள் வார்டின் திட்டமிடலில் கலந்துகொள்ள உங்களை அன்புடன் அழைக்கிறோம்.' மரத்தடியில் வைத்த படம் மறைந்து, அக்கா வீட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"எங்க ஊட்லதான் கக்கூஸு கீதே மேடம்! அங்க எதுக்கு எனக்கு ரெண்டாவது?"

பகல் முழுக்க நிற்கிற இடத்தைப் பற்றி அவர் வாய் திறக்கக் கூடாது; படுத்துத் தூங்குகிற இடத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மனிதர் தூங்கும்போது என்ன கழிப்பறை கேட்பார்? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் கதவு எண்ணைப் போட்டு, என் பெயரில், அதே மரத்தடியில் கழிப்பறையைக் குத்திவைத்தேன்.

அரைமணியில் குழு பற்றிக்கொண்டது. கேட்டுக்கு எதிரே கழிப்பறையா? நாற்றம் யார் வீட்டுக்கு வரும்? வீட்டு மதிப்பு என்னாகும்? யார் செய்த வேலை இது? 'நான்தான் வைத்தேன், என்ன இப்போ?' என்று எழுதினேன். அதோடு எனக்கும் ஊருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. தெருமுனை லாரிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னாம்மா நீ? படிச்ச பொண்ணு. நம்ம செவுத்தாண்ட போய் கக்கூஸு வெக்க சொல்லிகிறியே. ஊட்ல நல்லது கெட்டது நடக்க வேணாவா?"

அவரைப் பேசி அனுப்புவதற்குள், செயலாளர் செயலியின் விதிகளைக் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்துமுடித்திருந்தார். ஒரு விதி அவருக்கு அகப்பட்டது: வழிபாட்டுத் தலத்துக்கு அருகில் பொதுக் கழிப்பறை அமைக்கப்படாது. கோயில் இருந்தால் படமெடுத்து வரைபடத்தில் குறிக்கலாம்.

கோயிலுக்கு எங்கே போவது? தெருமுனைக்காரர்தான் வழி சொன்னார். "செவுரு பூரா சாமி கீதேப்பா!"

எங்கள் பக்கத்துச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். போகிறவன் வருகிறவனெல்லாம் சுவரோரம் ஒதுங்குகிறான், திட்டினாலும் கேட்பதில்லை, ஆகவே இடுப்பு உயரத்தில் சாமி படம் போட்ட டைல்ஸ் பதித்துவிடுவோம். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று மும்மதமும் வரிசையாக இருக்கும். எந்த மதத்துக்காரனுக்கு அவசரம் வந்தாலும் ஏதாவது ஒன்றுக்காவது பயப்படுவான் என்ற நம்பிக்கை. தெருவில் கழிப்பறை இல்லாத குறைக்குத்தான் அந்த டைல்ஸே வந்தது. இப்போது அந்த டைல்ஸைக் காட்டிக் கழிப்பறையே கூடாது என்று சொல்லப்போனார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெரு முழுக்கக் கைபேசியும் கையுமாகச் சுவர்முன் குந்தியிருந்தது. செயலி ஒவ்வொரு தலத்துக்கும் பெயர் கேட்டது. பெயர் வைப்பதில் நம்மவர்களை யார் மிஞ்ச முடியும்? டிரான்ஸ்பார்மர் விநாயகர், ஜெனரேட்டர் முருகன், மீட்டர்பெட்டி மாதா. தெருமுனைக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? அருள்மிகு தண்ணிலாரி விநாயகர். ஒவ்வொரு தலத்துக்கும் கீழே 'நான் இங்கே வழிபடுகிறேன்' என்று ஒரு பொத்தான். ஒருவர் அழுத்தினால் மற்றவர் சும்மா விட முடியுமா? சாமி விஷயம், அழுத்தாமல் விட்டுவிட்டு நாளைக்குக் கால் உளுக்கினால் யார் பதில் சொல்வது? எல்லோரும் எல்லா சாமிக்கும் அழுத்தினார்கள். சாயங்காலத்துக்குள் வரைபடத்தில் தெருவே தெரியவில்லை. கோபுரப் படங்கள்தான் தெரிந்தன. நான் குத்திய கழிப்பறை சிவந்துபோய், 'சாத்தியமில்லை' என்று நின்றது.

அக்காவிடம் சொல்லப் போனேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "உடு மேடம். ராவுக்கு ஊட்டுக்குப் போய் குட்ச்சிக்கறேன்" என்று ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் ஒன்றுசேர்ந்து ஒரு பெண்பிள்ளையின் ஒரு சொம்புத் தண்ணீருக்கு எதிராக வேலை செய்கிறோமே என்று அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், வார்டு ஆபீஸிலிருந்து இளம்பெண் ஒருத்தி வந்தாள். இன்ஜினியர். கையில் டேப்லெட். தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற தார்ரோட்டில் துள்ளித் துள்ளி நடந்துவந்து, கேட்டில் நின்ற எங்களிடம் பயபக்தியோடு கேட்டாள்: "சார், இதுல எது மெயின் கோயில்?"

எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

அவள் விளக்கினாள். ஒரே தெருவில் இத்தனை வழிபாட்டுத் தலமும் இத்தனை பக்தர்களும் வேறெங்குமே பதிவாகவில்லையாம். அதனால் செயலி தானாகவே எங்கள் தெருவைக் 'கோயில் வீதி' என்று உயர்த்திவிட்டது. மக்கள் பங்கேற்புக்கு இந்தத் தெரு ஓர் எடுத்துக்காட்டு என்று மேலே எல்லோருக்கும் சந்தோஷமாம். இனிமேல் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது. லாரி நுழையக் கூடாது. பக்தர்கள் வசதிக்காகச் செருப்பு வைக்க ஓர் அலமாரி, குடிநீர், அப்புறம் கழிப்பறை.

"கழிப்பறையா?" செயலாளர் பாய்ந்தார். "வழிபாட்டுத் தலம் பக்கத்துல கூடாதுன்னு நீங்கதானேம்மா விதி போட்டிருக்கீங்க?"

"அது பொதுக் கழிப்பறைக்கு சார். இது பக்தர்களுக்கு. பக்தர்கள் பாவம் எங்க போவாங்க?"

"லாரி இன்னாத்துக்கும்மா வரக் கூடாது? அது எங்க ஊட்டு லாரி!" என்று தெருமுனைக்காரர் அலறினார்.

"சாமி உலா வர்ற வீதி சார்."

"எந்த சாமி? செவுத்துல ஒட்டிகினு கீற சாமி எப்டிம்மா எறங்கி வரும்?"

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். அதில் இதற்கு விடை இல்லை. செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அன்றிரவு தூக்கம் போயிற்று. கோயில்களை எடுத்துவிடலாம் என்று முடிவானது. எடுக்கவும் செயலியில் வழி இருந்தது: வழிபடுகிறவர்கள் சம்மதிக்க வேண்டும், தலம் அங்கே இல்லை என்பதற்குப் படம் வேண்டும். சம்மதத்தை எல்லோரும் அழுத்திவிட்டார்கள். ஆனால் படம் எடுக்க, டைல்ஸைப் பெயர்க்க வேண்டுமே?

கொத்தனார் ஒருவர் உளி, சுத்தியலோடு வந்தார். சுவரைப் பார்த்தார். பிள்ளையார் அவரைப் பார்த்தார். உளி பைக்குள் போனது. "சாமி மூஞ்சில அடிக்க சொல்றியே நைனா, நா புள்ளகுட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு, டீக்குக்கூட நிற்கவில்லை. நீங்களே ஒரு தட்டு தட்டுங்கள் என்று செயலாளர் தெருமுனைக்காரரிடம் சொன்னார். அவர் செயலாளரிடமே சுத்தியலை நீட்டினார். அந்தச் சுத்தியல் சாயங்காலம்வரை கைமாறிக்கொண்டிருந்தது.

பெயிண்ட் அடித்து மறைக்கலாமா என்றால், முருகன் கண்மேல் யார் முதலில் பிரஷ்ஷை வைப்பது? கடைசியில் பக்கத்து நகரிலிருந்த கோயில் குருக்களையே கூட்டிவந்தார்கள். திருப்பணி சமயத்தில் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு எழுந்தருளச் செய்வார்களே, பாலாலயம், அதை டைல்ஸுக்கும் செய்து தர வேண்டும் என்று கேட்டார்கள். குருக்கள் ஒவ்வொரு சுவராக நின்று பார்த்துக்கொண்டே தெருக்கோடிவரை போய்த் திரும்பினார்.

"பிரதிஷ்டை பண்ணேளா?"

"இல்ல சாமி. டைல்ஸ் கடையில வாங்கி ஒட்டினது."

"உள்ளேயே வராதவரை வெளியே எப்படி ஓய் அனுப்பறது?"

"அப்போ சாமி இல்லைன்னு உடைச்சிடலாமா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்" என்று குருக்கள் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சாமி இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எத்தனையோ தத்துவக்காரர்கள் திணறிய இடத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கமும் போய் நின்றது.

கடைசியில் செயலாளரே மறுபடியும் விதிகளுக்குள் புகுந்து ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். கோயில் வீதியில் பக்தர்களின் வாகனத்தை நிறுத்தலாமாம். அவ்வளவுதான், ஒரே நாளில் தெருவிலிருந்த அத்தனை காரிலும் 'பக்தர் வாகனம்' என்று ஸ்டிக்கர் ஏறியது. குடிநீர் வழங்கும் பக்தர் என்று எழுதிக்கொடுத்துத் தெருமுனைக்காரரும் லாரியைக் காப்பாற்றிக்கொண்டார். லாரியின் பக்கவாட்டில் 'தீர்த்த சேவை' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். அதில் வரும் உப்புத் தண்ணீருக்குத்தான் நாங்கள் அதுவரை மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகும் கொடுத்தோம்.

எல்லோரும் பக்தர்களாகிவிட்டதால் கழிப்பறையை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. எங்கே வைப்பது என்று செயலி தேடியபோது, ஏற்கெனவே ஒருவர் கேட்டிருந்த இடம் அதற்குக் கிடைத்தது. சிவந்து கிடந்த என் படம் ஒரு மத்தியானம் பச்சையானது. இரும்புத் தகட்டில் செய்த ரெடிமேட் கழிப்பறை ஒன்று லாரியில் வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே இறங்கியது. நான் கைதட்டப்போனேன். அப்புறம்தான் கதவில் இருந்த பலகையைப் பார்த்தேன்: 'பக்தர்களுக்கு மட்டும்.'

செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் விடிந்ததுமே நாற்காலியைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கும்பிடு போடத் தயாராக இரண்டு கையும் மடியில் இருந்தன. நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கும் வண்டிக்கும் இடையே பத்தடிகூட இல்லை. அதையும் தாண்டவிடாமல் செய்துவிடுவாரே இந்த மனிதர்.

அக்கா வந்தார். வண்டித் துணியை உதறினார். கரியைப் போட்டு விசிறினார். கனன்றதும் பெட்டியைத் திறந்து, இடுக்கியால் ஒரு கங்கை எடுத்து, உடைந்த ஓட்டில் வைத்து, முந்தானை முடிச்சிலிருந்து சாம்பிராணிப் பொடியைத் தூவினார். புகை குபுகுபுவென்று எழுந்தது. ஓட்டைக் கையிலேந்தித் தெருவைக் கடந்து வந்து எங்கள் காம்பவுண்டுச் சுவர்முன் நின்றார். பிள்ளையாருக்குக் காட்டினார். மாதாவுக்குக் காட்டினார். மெக்காவுக்கும் குறை வைக்கவில்லை. பிறகு அப்படியே திரும்பி, நாற்காலியில் இருந்தவர் முகத்துக்கு நேராக ஓட்டைக் கொண்டுவந்தார்.

செயலாளரின் கைகள் பழக்க தோஷத்தில் தானாக எழுந்து புகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டன.

"பொத்தானு அமுக்குன பக்தருங்கோ யாராச்சும் இந்தச் செவுத்தாண்ட வந்து நின்னு கும்பிட்டீங்களா சார்?" என்றார் அக்கா. "நா கும்பிட்டுகிறேன். போவலாந்தானே?"

செயலாளர் இருமினார். தெருமுனையில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் சத்தமாகச் சிரித்தார். அக்கா ஓட்டை மரத்தடியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டார். தாழ் விழுந்த சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்டது.

வெளியே வந்ததும் குழாயில் கைகால் கழுவி, முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி மேலே அண்ணாந்து பார்த்தார்.

"மேடம்! மோர் கீதா?"

ஓடினேன். அவர் சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தில் வழிந்ததைத் துடைக்காமல் காலிச் சொம்பை என்னிடம் நீட்டினார்.

"உப்பு பத்தல. இன்னொரு சொம்பு கொண்டா."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியும் படியேறினேன்.